வரேன் என்றவள்

உடையார்பாளையம் தாண்டி வண்டி உள்சாலையில் திரும்பியதும் இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு வந்துவிட்டது. மே மாதத்துப் பிற்பகல். வெளியே வெயில் கொளுத்தியது. தோப்புக்குள் மட்டும் பொழுது சாய்ந்துவிட்டதுபோல் இருந்தது.

“பொண்ணு பாக்கக்கூட நான் இத்தன ஊரு சுத்தலடா மாறா,” என்றான் வைரக்கண்ணு. குட்டி யானை வண்டி அவனுடையது. “ஒரு தையல் மெஷினுக்கு இந்த அலைச்சலா?”

“பொண்ணு நம்ம கொற எல்லாத்தையும் பொறுத்துக்கும். மெஷின் பொறுத்துக்காதுல்ல,” என்றான் தமிழ்மாறன்.

நடுவில் உட்கார்ந்திருந்த வெற்றிச்செல்வி கணவனின் தொடையில் கிள்ளினாள். வைரக்கண்ணு சிரித்தான்.

குரும்பலூரில், வீட்டின் முன்பக்கத்திலேயே அவர்களுடைய குஷன் கடை. பைக் சீட், சோஃபா, ஆட்டோ சீட் என்று ஓடிக்கொண்டிருந்த கடைக்கு முதன்முதலாகப் பெரிய வேலை ஒன்று வந்திருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தின் வேன்களுக்கெல்லாம் சீட் மாற்ற வேண்டும். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் முடிக்கவில்லை என்றால் வேலை கைவிட்டுப் போய்விடும். பழைய மிதி மெஷினில் ரெக்சினை மடித்து வைத்தால் ஊசி படக்கென்று ஒடிந்தது. கோணி ஊசியால் கையாலேயே இழுத்து இழுத்து, தமிழ்மாறனின் வலது உள்ளங்கை பிளந்துகிடந்தது. அதில் விளக்கெண்ணெய் தடவிவிடும்போதெல்லாம் செல்வி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவன் வலி தெரியாதவன்போல் ஏதாவது பாடுவான்.

பெரம்பலூரில் பார்த்தது சட்டை தைக்கிற பவர் மெஷின். துணிக்குப் பறக்கும், ரெக்சினுக்குத் திணறும். திருச்சியில் பார்த்தது சரியான மெஷின்தான், ஆனால் மோட்டாரில் கருகல் வாடை. அப்போதுதான் யாரோ இந்த வீட்டைச் சொன்னார்கள்.

பழைய ஓட்டு வீடு. வாசலில் உயரமான ஒரு மனிதர் காத்திருந்தார். பஞ்சநாதன் என்று பெயர். அறுபது வயதிருக்கும்.

“வாங்க தம்பி. உள்ளதான் இருக்கு.”

கூடத்துக்குள் நுழைந்ததும் தைல வாடை முகத்தில் அறைந்தது. அதற்கடியில், நெடுநாள் படுக்கையில் கிடக்கும் உடம்பின் வாடை. கூடத்தின் நடுவே மெஷின் இருந்தது. உள்ளறைக் கதவை நேராகப் பார்த்தபடி.

தமிழ்மாறன் எதையும் தொடாமல் முதலில் மெஷினைச் சுற்றி வந்தான். பிறகு சக்கரத்தைத் தன் பக்கமாக மெதுவாகச் சுற்றினான். ஊசி இறங்கியது. துணியை அழுத்திப் பிடிக்கிற மேல்பாதமும் அடியில் இருக்கிற பல்லும் ஒன்றாக அடியெடுத்து வைத்தன. அவன் முகம் மலர்ந்தது.

“பாரு செல்வி. மேலயும் நடக்குது, கீழயும் நடக்குது. எத்தன மடிப்பு வெச்சாலும் நழுவாது.” பிறகு மேசைக்கடியில் குனிந்தான். “மோட்டார்தான் பழைய கிளட்ச் மோட்டார். சுவிட்ச் போட்டா தைச்சாலும் தைக்காட்டியும் உறுமிக்கிட்டே கெடக்கும். கால் வெச்சா குதிக்கும். பரவால்ல, பின்னாடி சர்வோ மோட்டார் மாத்திக்கலாம். அது கால் வெச்சாத்தான் வாயத் தொறக்கும்.”

ஊசிக்கடியில் நீல நிற ரெக்சின் ஒன்று பாதித் தையலில் நின்றிருந்தது. அதன்மேல் தூசி படிந்திருந்தது. பஞ்சநாதன் கத்தரியை எடுத்து, யோசிக்காமல் நூலை நறுக்கி, ரெக்சினை உருவித் தந்தார்.

“இதுலயே தைச்சுப் பாருங்க.”

சுவிட்சைப் போட்டதும் மோட்டார் எழுந்தது. ம்ம்ம்ம் என்று ஒரே சீரான உறுமல். கதை கேட்கிற ஆள் நிறுத்தாமல் ‘ம்’ கொட்டுவதுபோல். தமிழ்மாறன் நீல ரெக்சினை நாலாக மடித்தான். அதிலிருந்த நேர்த்தியான தையலின்மேல் குறுக்கே, கோணலாக, தடதடவென்று ஓட்டினான். ஊசி ஒடியவில்லை. நூல் அறவில்லை.

“இதான் நம்ம மெஷின்,” என்றான்.

உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்தது. “யாரு தைக்கிறது?”

பஞ்சநாதன் சட்டென்று செல்வியைக் கிணற்றடிப் பக்கம் அழைத்துப்போனார்.

“ஏம்மா, ஒரு உதவி. உள்ள எம்பொண்டாட்டி ஜெகதாம்பாள். அவ மெஷின்தான் இது. டாக்டரு கைய விரிச்சுட்டாரு. வித்துட்டோம்னு தெரிஞ்சா மனசு விட்டுப் போயிருவா. சர்வீஸுக்கு எடுத்துட்டுப் போறோம்னு ஒரு வார்த்த சொல்லிடும்மா. ஆம்பளைங்க சொன்னா நம்ப மாட்டா.”

செல்வி கூடத்தைப் பார்த்தாள். தமிழ்மாறன் மெஷினின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான், பிளந்த கையால்.

“சரிங்கய்யா,” என்றாள்.

கட்டிலில் கிடந்த பெண் ஒரு காலத்தில் நல்ல ஆகிருதியாக இருந்திருக்க வேண்டும். இப்போது போர்வைக்கடியில் எலும்புதான் இருந்தது. கண்கள் மட்டும் கூடத்து மெஷினிலேயே நின்றன.

“யாரும்மா நீ?”

“பெரம்பலூர் பக்கங்க்கா. மெஷின சர்வீஸுக்கு எடுத்துட்டுப் போறோம்.”

“நல்லாத்தான ஓடுது.”

“அடியில பல்லு தேஞ்சிருக்குங்க்கா. மாத்தணும்.” பொய்யில் இவ்வளவு விவரம் சேர்க்கத் தனக்கு வரும் என்று செல்விக்கே அதுவரை தெரியாது.

“இப்ப தைச்சது உன் வூட்டுக்காரரா? கால் பழகல. என் காலுதான் அதுக்குத் தெரியும்.” ஜெகதாம்பாள் மூச்சு வாங்கினாள். “அதுல நீலத்துல ஒரு திண்டு இருக்கும். எனக்குத்தான் தைச்சேன். அத முதுகுக்கு வெச்சா சாஞ்சு உக்காந்துருவேன். உக்காந்துட்டேன்னா தைச்சுருவேன். பத்திரமா இருக்கா?”

குறுக்கே ஓடிய கோணல் தையல் செல்வியின் கண்முன் வந்தது.

“இருக்குங்க்கா.”

“எப்ப கொண்டாருவ?”

செல்வியால் அந்தக் கண்களைப் பார்க்க முடியவில்லை. வாய் தானாகப் பேசியது. “சீக்கிரமே கொண்டாறோம். அவசரம்னா நீங்களே நம்ம வூட்டுக்கு வந்து தைச்சிக்குங்க்கா. உங்க வூடு மாதிரி நெனச்சுக்குங்க.”

உபசாரத்துக்குச் சொன்னதுதான். இந்த மாதிரி நிலபுலன் உள்ள வீட்டுப் பெண்கள் செல்வியின் தெருவுக்குள் வந்ததே இல்லை, வந்தாலும் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. இவளோ கட்டிலைவிட்டே எழ முடியாதவள். வர மாட்டாள் என்ற தைரியத்தில்தான் அவ்வளவு அன்பாக அழைத்தாள்.

“அப்ப, போயிட்டு வரேங்க்கா.”

வீட்டில் இருப்பவர்கள் ‘சரி, போயிட்டு வா’ என்று சொல்லி அனுப்புவதுதானே வழக்கம்? ஜெகதாம்பாள் அப்படிச் சொல்லவில்லை.

“வரேன்,” என்றாள்.

வண்டி தோப்பைத் தாண்டியது. “என்ன சொன்னாங்க அந்தம்மா?” என்று தமிழ்மாறன் கேட்டான்.

“நல்லாப் பாத்துக்கச் சொன்னாங்க,” என்றாள்.

மெஷின் வந்த பிறகு கடையின் முகமே மாறிவிட்டது. சீட் உறைகள் மளமளவென்று குவிந்தன. தமிழ்மாறனின் உள்ளங்கையில் புதுத்தோல் மூடத் தொடங்கியது. அவன் மறுபடியும் பாடிக்கொண்டே வேலை செய்தான். பாட்டுக்கடியில் அந்த மோட்டாரின் உறுமல் எந்நேரமும் கேட்டது.

ம்ம்ம்ம்.

அடுத்த வாரம் செல்வியின் போனுக்குப் பஞ்சநாதன் பேசினார். “முடிஞ்சுதும்மா. நேத்து எடுத்துட்டோம். கடைசிவரைக்கும் மெஷின் வந்துருச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. தம்பிகிட்ட சொல்லிடு.”

“சொல்லிடுறேங்கய்யா.”

அவள் சொல்லவில்லை. சொன்னால், சர்வீஸ் கதையையும் சொல்ல வேண்டிவரும். அதைக் கேட்டால் தமிழ்மாறன் அன்றைக்கே மெஷினை வண்டியில் ஏற்றிவிடுவான். அவளுக்கு அவனைத் தெரியும். வேன் சீட் பாதிதான் முடிந்திருந்தது. வேலை முடியட்டும், அப்புறம் சொல்லலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். துக்கத்துக்கும் போகவில்லை.

அன்று மாலை தமிழ்மாறன் மூக்கை உறிஞ்சினான்.

“யாரு தைலம் தடவுனது?”

“யாரும் தடவலயே.”

“ரெக்சின்லயே அடிக்குது பாரு.”

மறுநாள் அவன் ஒரு சீட் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். “இத நானா தைச்சேன்? மூலை எல்லாம் இவ்வளவு சுத்தமா எனக்கு வராதே.” பெருமையாகத்தான் காட்டினான். வரிசை முடிகிற இடத்தில் தையல் சின்னதாகத் திரும்பி, கொக்கிபோல் நின்றிருந்தது. தமிழ்மாறன் அப்படி முடிப்பதில்லை.

செல்வி பழந்துணி மூட்டையிலிருந்து நீல ரெக்சினைத் தேடி எடுத்தாள். அறுபட்டு நின்ற வரிசையை விட்டுவிட்டாள். அதற்கு முந்தைய வரிசை முடிகிற இடத்தைப் பார்த்தாள்.

அதே கொக்கி.

அவள் கணவனிடம் காட்டவில்லை. அவன் சாப்பிடப் போனபோது உட்கார்ந்து, அந்தக் கோணல் தையலை மட்டும் ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்தாள். பிரித்தாலும் ஊசி குத்திய ஓட்டைகள் ரெக்சினில் அப்படியே இருந்தன. துணியென்றால் மூடிக்கொள்ளும். ரெக்சின் மூடாது. நீவி நீவிப் பார்த்துவிட்டு, மெஷின் மேசையில் வைத்தாள்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துகிற நாள் வந்தது. காலையிலேயே ஊர் முழுக்க ஓய்ந்துவிட்டது. தமிழ்மாறன் சர்வோ மோட்டார் வாங்கத் திருச்சி பஸ் ஏறியிருந்தான். செல்வி பின்கட்டில் ஃபோமை அளந்து வெட்டிக்கொண்டிருந்தாள். ஃபேன் இல்லை. டிவி இல்லை. தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. கத்தி ஃபோமில் இறங்கும் சர்ரென்ற சத்தம் மட்டும்.

அதற்கடியில் இன்னொரு சத்தம்.

ம்ம்ம்ம்.

எவ்வளவு நேரமாகக் கேட்கிறது என்று தெரியவில்லை. காதுக்குப் பழகிப்போன சத்தம். அதனாலேயே அவள் கவனிக்கவில்லை. கரண்ட் வந்துவிட்டதோ என்று தலைக்குமேல் பார்த்தாள். ஃபேன் அசையவில்லை. சுவிட்சைத் தட்டினாள். விளக்கு எரியவில்லை.

உறுமல் நிற்கவில்லை.

தைல வாடை நடையில் மிதந்து வந்தது. செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் வந்தாள். வாசல் வெயில் கடைக்குள் பாதிவரை விழுந்திருந்தது. வெயில் எட்டாத இடத்தில் மெஷின். அதன் முன்னால் வெறும் ஸ்டூல். மோட்டாரின் ஒயர் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டு, தமிழ்மாறன் சுருட்டி வைத்தபடியே தரையில் கிடந்தது.

சக்கரம் சுற்றியது.

வேகமாக இல்லை. பலமில்லாத கால் மிதிப்பதுபோல். கொஞ்சம் ஓடும். மூச்சு வாங்குவதுபோல் நிற்கும். மறுபடி ஓடும்.

ஊசிக்கடியில் நீல ரெக்சின் நகர்ந்துகொண்டிருந்தது.

“அக்கா,” என்றாள் செல்வி. குரல் காற்றாகத்தான் வந்தது.

ம்ம்ம்ம்.

“அக்கா, நான் வேணும்னு சொல்லல. அவரு கையப் பாத்துட்டுத்தான்...”

ம்ம்ம்ம்.

கோபமில்லாத சத்தம். அவள் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு, மேலே சொல்லு, மேலே சொல்லு என்று காத்திருக்கும் சத்தம். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவள் காதுகளைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

தமிழ்மாறன் திரும்பியபோதும் அவள் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். அவன் வெறுங்கையோடு வந்திருந்தான். முகத்தில் சிரிப்பில்லை.

“சர்வோக்குப் பெல்ட்டு எந்த அளவுன்னு கடையில கேட்டாங்க. பஞ்சநாதன் ஐயாவுக்குப் போன் பண்ணுனேன்,” என்றான். “அந்தம்மா செத்து எத்தன நாளாச்சு, உன்கிட்ட சொல்லிட்டேங்கிறாரு.”

அவள் தலை நிமிரவில்லை.

“சர்வீஸுக்குன்னா சொன்ன?”

“அவருதான் மாமா சொல்லச் சொன்னாரு...”

“அவரு சொல்லுவாரு. என்கிட்ட ஏன் சொல்லல?” அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “நான் அந்தத் துண்டுலயே குறுக்க ஓட்டிட்டு, ஆஹா ஓஹோன்னு வந்திருக்கேன். அது அந்தம்மாவோட திண்டாமே.”

நீலத் துண்டை எடுக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். தையல் முழுவதும் முடிந்திருந்தது. கடைசியில், சின்னதாக ஒரு கொக்கி.

செல்வி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் இடையில் ஒரு ‘ம்’ கூடச் சொல்லவில்லை. கேட்டு முடித்ததும் போனை எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டான்.

“ஐயா, மெஷின நாளைக்கே கொண்டாந்து குடுத்துடுறோம். காசு இப்ப வேணாம், உங்களால முடியறப்ப குடுங்க.”

மறுமுனையில் பஞ்சநாதன் மெல்லக் கேட்டார்.

“வந்துட்டாளா?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“வேணாம் தம்பி. அவ இங்க இல்ல. போன அன்னிக்கே இந்த வூடு வெறிச்சோடிப் போச்சு. உங்க சம்சாரம் அவள வூட்டுக்குக் கூப்புட்டப்ப நானும் நடையிலதான் நின்னேன். வரேன்னு சொன்னா. சொன்னா சொன்னபடி செய்யறவ அவ. மெஷின இங்க கொண்டாந்தீங்கன்னா, அவ எங்கன்னு தம்பி போவா?”

அவர் போனை வைத்துவிட்டார்.

மெஷின் அங்கேயே இருந்தது. வேன் சீட் வேலையை விடவும் முடியாது. தமிழ்மாறன் மறுபடி திருச்சி போய் சர்வோ மோட்டாரை வாங்கி வந்து பொருத்தினான். பழைய மோட்டாரை வைரக்கண்ணு இரும்புக் கடைக்குக் கொண்டுபோனான். “என்னடா, நல்ல மோட்டார எடைக்குப் போடுற? பொண்டாட்டிய மாத்துனாலும் மோட்டார மாத்தக்கூடாதுடா,” என்று வழக்கம்போல் கிண்டலடித்தான். ஒருவரும் சிரிக்கவில்லை.

புது மோட்டாருக்குச் சத்தமே இல்லை. கால் வைத்தால் மட்டும் மெல்லிய இழுப்பு. எடுத்தால் அமைதி. தைல வாடையும் நின்றுவிட்டது. செல்வி நீல உறைக்குள் நல்ல ஃபோமாகப் பார்த்து அடைத்து, திண்டாக்கி, ஸ்டூலுக்குப் பின்னால் சுவரோரமாக வைத்தாள். குறுக்கே ஓட்டைகளின் வரிசை மட்டும் அழியாமல் தெரிந்தது.

வீட்டிலும் அமைதிதான். தமிழ்மாறன் பாடுவதை நிறுத்தியிருந்தான். முன்பெல்லாம் அவள் கடைத்தெருவுக்குக் கிளம்பி, “போயிட்டு வரேன் மாமா,” என்றால், உள்ளிருந்தபடியே, “போயிட்டு வா செல்வி,” என்பான். இப்போது பதில் வருவதில்லை. அவள் ஏதாவது சொன்னால், ஒரு நொடி அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நம்பினான். அந்த ஒரு நொடிக்கு முன்னால் பேய் பெரிதில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

பள்ளி திறப்பதற்கு முன்பே சீட்டுகள் போய்ச் சேர்ந்தன. வேன்காரர்கள் மூலைத் தையலைத் தடவிப் பார்த்து மெச்சினார்களாம். அன்று தமிழ்மாறன் வீட்டுக்குள் வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஆறிப்போன தன் உள்ளங்கையை அவள் மடியில் மலர்த்தி வைத்தான்.

“இதுக்காகத்தான சொன்ன?”

அவள் அழுதாள்.

“கெளம்பு. செட்டிகுளம் முருகனப் பாத்துட்டு வருவோம். அந்தம்மா பேர்ல ஒரு அர்ச்சன பண்ணிட்டு வரலாம்.”

அவள் முகம் கழுவி, புடவை மாற்றி, பின்கதவைத் தாழிட்டாள். கடை வழியாக வரும்போது திண்டின் நடுவில் ஒரு பள்ளம் தெரிந்தது. புது ஃபோம், கொஞ்சம் அமுங்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். தமிழ்மாறன் வெளியே பைக்கைக் கிளப்பத் தயாராக நின்றான். அவள் வாசல் கதவைச் சாத்திப் பூட்டினாள். பூட்டை இழுத்துப் பார்க்கும்போது, பழக்கத்தில், வாய் சொல்லிவிட்டது.

“போயிட்டு வரோம்.”

யாரிடம்?

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தமிழ்மாறனும் அவளைத் திரும்பிப் பார்த்தான். வீட்டுக்குள் யாருமில்லை.

பூட்டிய கதவுக்குப் பின்னால் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. பிறகு, சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்த ஒரு பெண்ணின் குரல், வீட்டுக்காரிக்கே உரிய உரிமையோடு.

“சரி. போயிட்டு வாங்க.”